தம்பிக்கு என்ன புத்தகம்?

தம்பி: அடுத்த மாதம் முதல் ஒரு குழுவுக்கு நான் பொறுப்பு என்று அலுவலகத்தில் சொல்லிவிட்டார்கள். நேற்று வரை என்னோடு சேர்ந்து மேலாளரைத் திட்டியவர்களுக்கே இனி நான் மேலாளர். தொழில், தலைமை பற்றி நல்ல புத்தகங்கள் தெரிந்தால் சொல்லுங்கள். புதியவை மட்டும் போதும்.

பெரியப்பா: வாழ்த்துகள் தம்பி. இனி திட்டு வாங்கவும் பழகிக்கொள்.

சித்தி: நல்ல செய்தி! புத்தகத்துக்கு அக்காவைக் கேள்.

சித்தப்பா: [காணொளி] எதற்குப் புத்தகம்? இருபது நிமிடத்தில் இருபது மேலாண்மை நூல்கள். மொத்தமும் இதில் அடக்கம்.

அக்கா: பார்த்தேன் சித்தப்பா. இருபதுக்கும் ஒரே அறிவுரை: விடியற்காலையில் எழு, குறிக்கோளை எழுதி வை.

சித்தப்பா: புத்தகத்திலும் அதுதானே இருக்கிறது? ஒரு கருத்தைப் பிடித்துக்கொண்டு முந்நூறு பக்கத்துக்கு இழுப்பார்கள்.

அக்கா: பாதிக்கு மேல் அப்படித்தான், மறுக்கவில்லை. சுருக்கத்திலேயே முழுதும் கிடைத்துவிடுகிற நூலை நானும் வாங்குவதில்லை. தம்பி, உனக்கு இப்போது எது பயமாக இருக்கிறது? அதைச் சொல்லாமல் பட்டியல் கேட்டால் நானும் இருபது பெயர் சொல்லிவிட்டுப் போவேன்.

தம்பி: போன வாரம் ஒரு பெரிய பிழை வெளியே போய்விட்டது. முன்பே மூன்று பேர் அதைப் பார்த்திருக்கிறார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. என் பொறுப்பிலும் இப்படி நடந்தால் என்ன செய்வேன் என்பதுதான் பயம்.

அக்கா: அப்படியானால் ஏமி எட்மண்ட்சன் எழுதிய 'ரைட் கைண்ட் ஆஃப் ராங்'. 2023-இல் வந்தது. அவர் ஆராய்ச்சியைத் தொடங்கிய காலத்தில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளைக் கணக்கெடுத்தார். நன்றாக ஒத்துழைக்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்றுதான் எதிர்பார்த்தார். வந்த கணக்கோ தலைகீழ், நல்ல குழுக்களில்தான் தவறு அதிகம்! பிறகுதான் புரிந்தது: அவர்கள் அதிகமாகத் தவறு செய்யவில்லை, செய்ததை மறைக்காமல் சொன்னார்கள். மற்ற இடங்களில் தவறு கணக்குக்கே வரவில்லை.

பெரியப்பா: இடித்துச் சொல்ல ஆள் இல்லாத மன்னன், கெடுப்பவர் இல்லாமலே கெடுவான் என்று வள்ளுவர் எப்போதோ சொல்லிவிட்டார். இந்த அம்மையார் கணக்குப் போட்டுக் காட்டியிருக்கிறார்.

அக்கா: ஆமாம் பெரியப்பா. ஆனால் இடிப்பவர் மேல் எரிந்து விழாமல் இருப்பது எப்படி? அதற்குத்தான் இந்தப் புத்தகம். தோல்வியை மூன்றாகப் பிரிக்கிறார்: கவனக்குறைவால் வருவது, பல சிறு காரணங்கள் கூடி வருவது, தெரியாத இடத்தில் அளவோடு முயன்று பார்த்ததால் வருவது. மூன்றாவதற்கு யாரையும் திட்டக் கூடாது என்கிறார். நடுவில் கொஞ்சம் நீளம்தான், அங்கே வேகமாகப் புரட்டலாம்.

நான்: விருது வாங்கியவற்றை அப்படியே எடுத்துக்கொண்டால் என்ன?

அக்கா: ஃபைனான்சியல் டைம்ஸ் நாளிதழ் ஆண்டுதோறும் தொழில் நூலுக்கு விருது தருகிறது. 2022-இல் 'சிப் வார்', 2023-இல் இப்போது சொன்ன எட்மண்ட்சன் நூல், 2024-இல் 'சுப்ரிமசி', 2025-இல் கணினிச் சில்லு நிறுவனமான என்விடியாவைப் பற்றிய 'த திங்கிங் மெஷின்'. நான்கில் மூன்று கணினிச் சில்லையும் செயற்கை நுண்ணறிவையும் சுற்றியவை. கீழே வைக்க மனம் வராது, எல்லாம் சரி. ஆனால் அவை வரலாறு. திங்கட்கிழமை காலையில் குழுவின் முன்னால் போய் நிற்பவனுக்கு அவற்றில் உதவி இல்லை.

சித்தப்பா: அது எப்படி? என்விடியாவை இவ்வளவு உயரத்துக்குக் கொண்டுபோன ஜென்சன் ஹுவாங்கிடம் கற்காமல் வேறு யாரிடம் கற்பது?

அக்கா: தமக்கு நேரடியாகக் கீழே சுமார் 60 பேர் இருப்பதாகவும், அவர்களைத் தனித்தனியாகச் சந்திக்கும் வழக்கம் இல்லை என்றும் 2024-இல் அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். இன்டெல்லை நடத்திய ஆண்டி குரோவ் 1983-இல் எழுதிய 'ஹை அவுட்புட் மேனேஜ்மெண்ட்' நேர் எதிர். ஒவ்வொருவரையும் தனியாகச் சந்தித்தே ஆக வேண்டும் என்கிறது. இருவரும் சில்லு செய்து வென்றவர்கள். தம்பி யார் பேச்சைக் கேட்பது?

சித்தப்பா: இன்று யார் உயரத்தில் இருக்கிறாரோ அவர் பேச்சை.

அக்கா: அங்கேதான் வழுக்கும் சித்தப்பா. 2001-இல் ஜிம் காலின்ஸ் 'குட் டு கிரேட்' எழுதினார். சாதாரண நிலையிலிருந்து சிகரத்துக்குப் போனவை என்று 11 நிறுவனங்களைப் பொறுக்கி எடுத்திருந்தார். அதில் ஒன்று மின்னணுப் பொருள் விற்ற சர்க்யூட் சிட்டி, 2008-இல் திவால். இன்னொன்று வீட்டுக்கடன் நிறுவனமான ஃபேனி மே, அதே ஆண்டு அமெரிக்க அரசு தன் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டது. லாபம் வரும்போது 'உறுதியானவர்' என்று புகழப்படும் அதே முதலாளி, நஷ்டம் வந்ததும் 'பிடிவாதக்காரர்' ஆகிவிடுகிறார். ஃபில் ரோசன்ஸ்வைக் 2007-இல் எழுதிய 'த ஹேலோ எஃபெக்ட்' முழுக்க இந்தக் கண்கட்டு வித்தையைத்தான் பிரித்துக் காட்டுகிறது. வெற்றிக் கதைகளைப் படிக்கும் முன் அதைப் படித்துவிட்டால் பாதி ஏமாற்றத்தைத் தவிர்த்துவிடலாம்.

பெரியப்பா: குரோவ் பேச்சைக் கேள் தம்பி. அந்த 60 பேரும் பழம் தின்று கொட்டை போட்டவர்களாக இருப்பார்கள். உன் ஆட்களுக்கு உன்னையே இன்னும் மேலாளராகத் தெரியாது.

அக்கா: அதேதான் பெரியப்பா! புதியது மட்டும் வேண்டும் என்கிறான், ஆனால் அவனுக்கு ஒரே ஒரு புத்தகம்தான் என்றால் 1983-ஐத்தான் கொடுப்பேன். முதல் அத்தியாயம் தொழிற்சாலையில் தொடங்கவில்லை. ஒரு முட்டை, ரொட்டி, காபி மூன்றையும் சூடாக ஒரே நேரத்தில் மேசைக்குக் கொண்டுவருவது எப்படி என்று கேட்கிறார். முட்டை வேகத்தான் அதிக நேரம். ஆகவே அதை வைத்துப் பின்னோக்கிக் கணக்கிட்டு மற்றவற்றைத் தொடங்க வேண்டும். இதிலிருந்தே முழு உற்பத்தி முறையையும் விளக்கிவிடுகிறார்.

சித்தி: மேலாண்மை நூலில் முட்டையா! எனக்கும் புரியும் போல இருக்கிறதே. நாவல் படிப்பவளுக்கு ஏதாவது உண்டா?

அக்கா: உங்களுக்கென்றே ஒன்று இருக்கிறது சித்தி. டான் டேவிஸ் எழுதிய 'தி அன்அக்கவுண்டபிலிட்டி மெஷின்', 2024. உதவி எண்ணுக்கு அழைத்தால் 'விதி அப்படி, என்னால் ஒன்றும் செய்ய முடியாது' என்கிறார்களே, அந்த நிலை எப்படி உருவாகிறது என்பதுதான் கதை. 1999-இல் ஆம்ஸ்டர்டாம் விமான நிலையத்தில் உரிய காகிதங்கள் இல்லை என்று 440 அணில்களை இயந்திரத்தில் போட்டுக் கொன்றுவிட்டார்கள். கொன்றவர்கள் உத்தரவைப் பின்பற்றினார்கள், உத்தரவு போட்டவர்கள் விதியைப் பின்பற்றினார்கள். யார் குற்றம் என்று தேடினால் ஒருவரும் அகப்படவில்லை.

சித்தி: ஐயோ, பாவம். இதை நான் படித்தே ஆக வேண்டும்.

நான்: தம்பி வேலை முழுக்கத் திட்டங்களாயிற்றே. அதற்கு ஒன்றும் இல்லையா?

அக்கா: 'ஹவ் பிக் திங்ஸ் கெட் டன்', 2023. பெண்ட் ஃபிளிவ்பியரும் டான் கார்ட்னரும் எழுதியது. 16,000-க்கும் மேற்பட்ட திட்டங்களின் கணக்கை வைத்துப் பேசுகிறார்கள். சொன்ன செலவில், சொன்ன நாளில் முடிந்தவை 8.5 சதவீதம். சொன்ன பயனையும் சேர்த்துத் தந்தவை வெறும் 0.5 சதவீதம்.

பெரியப்பா: அந்த அரை சதவீதத்தில் ஒருவரையும் நான் சந்தித்ததில்லை.

அக்கா: சிட்னி ஆப்பரா ஹவுஸ் 70 லட்சம் ஆஸ்திரேலிய டாலரில் முடியும் என்றார்கள். 1973-இல் திறந்தபோது 10 கோடியைத் தாண்டியிருந்தது. கூரையை எப்படி நிறுத்துவது என்றே முடிவாகாமல் வேலையைத் தொடங்கிவிட்டார்கள். வடிவமைத்த யோர்ன் உட்சன் 1966-இல் பாதியில் விலகினார், முடிந்த கட்டடத்தைப் போய்ப் பார்க்கவே இல்லை. தம்பி, 'முதலில் தொடங்கிவிடலாம், பிறகு பார்க்கலாம்' என்று யாராவது சொன்னால் இந்த அத்தியாயத்தை நினைத்துக்கொள்.

தம்பி: எங்கள் அலுவலகத்தில் தினமும் சொல்வது அதுதான். சரி, முதலில் குரோவ், அடுத்து எட்மண்ட்சன். மற்றவை பிறகு. குரோவ் சொல்லும் தனிச் சந்திப்பில் நான் என்ன பேச வேண்டும்?

அக்கா: நீ பேசாதே. என்ன பேசுவது என்பதை உனக்குக் கீழே இருப்பவர்தான் தீர்மானிக்க வேண்டும் என்கிறார் குரோவ். குறைந்தது ஒரு மணி நேரம் ஒதுக்கவும் சொல்கிறார்.

தம்பி: ஒரு மணி நேரமா? பிழையைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தவர்களில் ஒருவர் வாயே திறக்கமாட்டார் அக்கா.

பெரியப்பா: அவரை முதலில் கூப்பிடு.