மகளின் எச்-இண்டெக்ஸ் 6 என்கிறார்கள். இது குறைவா?

குத்தாலத்து அப்பா:
வணக்கம். குத்தாலம் பக்கம் நாலு ஏக்கரில் சம்பா போடுகிறவன் நான். மகள் நெல் மரபியலில் முனைவர் பட்டம் வாங்கிப் பதினோரு வருடமாக ஆராய்ச்சியில் இருக்கிறாள். போன மாதம் பதவி உயர்வு நேர்காணலுக்குப் போய் வந்தவள் சாப்பிடாமலே படுத்துவிட்டாள். "எச்-இண்டெக்ஸ் 6தானா?" என்று கேட்டு ஒருவர் ஃபைலை மூடிவிட்டாராம். எந்த இடம் என்று எழுத விருப்பமில்லை.

அவள் வேலை செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். மறுநாள் பூக்கப்போகிற நெற்பூவாகத் தேடி, சாயங்காலம் அதன் நுனியைக் கத்தரித்து, உள்ளே இருக்கும் ஆறு மகரந்தப் பைகளையும் இடுக்கியால் எடுப்பாள். ஒன்று விட்டுப்போனாலும் அந்தப் பூ தன் மகரந்தத்தையே பிடித்துக்கொள்ளும், பாடு வீண். காகித உறை போட்டு மூடிவிட்டு, மறுநாள் காலை இன்னொரு ரகத்தின் கதிரை அதன்மேல் உதறுவாள். அப்படிச் செய்த கலப்பு, ஒரு புது ரகமாக வெளியே வரப் பத்து வருடம் பிடிக்குமாம். இந்த 6 எதை எண்ணுகிறது? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தஞ்சை நூலகர்:
ஐயா, இது ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் 2005இல் சொன்ன கணக்கு. ஒருவரின் கட்டுரைகளில் ஆறு கட்டுரைகளை, ஒவ்வொன்றையும் குறைந்தது ஆறு பேராவது தங்கள் கட்டுரையில் மேற்கோள் காட்டியிருந்தால் எண் 6. அந்த ஆறில் ஒன்றை 900 பேர் காட்டியிருந்தாலும் எண் ஏறாது. வயதாக ஆக இது கூடுமே தவிரக் குறையாது. துறைக்குத் துறையும் மாறும். மனித மரபியலில் நூறு பேர் சேர்ந்து எழுதும் கட்டுரைகள் உண்டு. அங்கே இருப்பவரையும் வயலில் இருப்பவரையும் ஒரே எண்ணால் ஒப்பிடுவது நியாயமே இல்லை.

இன்னொன்று முக்கியம். நம் ஊர்ப் பெயர்களில் இனிஷியல் ஒரு கட்டுரையில் முன்னால் வரும், ஒன்றில் பின்னால் வரும், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக இருக்கும். கணினிக்கு அவர்கள் மூன்று ஆட்கள். கட்டுரைகளையும் மேற்கோள்களையும் எண்ணும் கூகுள் ஸ்காலர், ஸ்கோபஸ் தளங்களில் தன் பெயர் எத்தனையாக உடைந்து கிடக்கிறது என்று மகளை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். இங்கே வரும் ஆய்வு மாணவர்களில் பலருக்கு இதே சிக்கல்தான்.

ஆடுதுறை பெரியவர்:
தம்பி, முப்பது வருடம் நெல் ரகம் உருவாக்கும் வேலையில் இருந்தவன் சொல்கிறேன். எங்கள் தொழிலில் மேற்கோள் இருப்பது விதையின் வம்சாவளியில். கோவையில் 1921இல் ஜிஇபி 24 என்ற நெல் வந்தது. கோனாமணி என்ற பழைய நெல்லில் தானாக நேர்ந்த மாற்றத்தை ஒருவர் கண்ணில் பட்டுப் பிரித்தெடுத்த ரகம் அது. அதையும் கோ 18ஐயும் கலந்து டிகேஎம் 6 வந்தது. தண்டுத் துளைப்பான் புழுவைத் தாங்கும் குணத்துக்காக டிகேஎம் 6ஐ பிலிப்பைன்ஸில் எடுத்துக்கொண்டார்கள், ஐஆர் 20 பிறந்தது. உங்கள் அப்பா நிச்சயம் ஐஆர் 20 போட்டிருப்பார். இங்கே ஆடுதுறை 27 வந்தபோதும் ஜிஇபி 24தான் ஒரு பக்கத்துப் பெற்றோர். இதில் ஒன்றைக்கூட எச்-இண்டெக்ஸ் எண்ணாது.

கட்டுரையை எண்ணினாலும் காலம் பொறுக்க வேண்டும். மெண்டல் பட்டாணியைப் பற்றி 1866இல் அச்சிட்டார். உலகம் அதைக் கண்டுகொண்டது 1900இல். மக்காச்சோளத்தில் இடம் மாறும் மரபணுக்களைப் பற்றி பார்பரா மெக்ளின்டாக் 1950இல் எழுதினார், நோபல் கிடைத்தது 1983இல்.

ஒரு கேள்வி. படிவத்தில் 'ரகம் வெளியீட்டில் பங்கு' என்று ஒரு கட்டம் இருக்குமே, அதில் மகள் என்ன எழுதினாள்?

திருத்துறைப்பூண்டி விவசாயி:
எனக்கு இந்த எண் எல்லாம் புரியாது. சிஆர் 1009 சப்1 என்ற நெல் ரகம் போட்டிருந்தேன். ஐப்பசியில் வாய்க்கால் உடைத்து பத்து நாள் பயிர் தெரியவே இல்லை, வெறும் தண்ணீர்தான். வடிந்ததும் அழுகிக் கிடக்கும் என்றுதான் போனேன். குருத்து பச்சையாக இருந்தது. அந்த விதையைச் செய்தவர்களில் உங்கள் மகளைப் போல் ஒருத்தி இருந்திருப்பாள், அண்ணே.

ஆடுதுறை பெரியவர்:
அது சப்1ஏ மரபணு செய்த வேலை. ஒடிசாவின் எஃப்ஆர் 13ஏ என்ற பழைய நெல்லிலிருந்து வந்தது. முழுகியதும் பயிர் மேலே எட்டி வளராது, தெம்பைச் சேமித்து அடங்கிக் கிடக்கும், இரண்டு வாரம் வரை தாங்கும். மரபணுவை அடையாளம் காட்டிய 2006 நேச்சர் ஆய்விதழ்க் கட்டுரைக்கு மேற்கோள் குவிந்தது. அந்த மரபணுவை நம் சிஆர் 1009இல் ஏற்றத் தலைமுறை தலைமுறையாகக் கலந்து, செடி செடியாகச் சோதித்தவர்களுக்கு அந்த அளவு பெயர் இல்லை. எனக்கு அது இன்றும் ஆறவில்லை.

குத்தாலத்து அப்பா:
எல்லோருக்கும் நன்றி. நூலகர் சொன்னபடி பார்த்ததில் அவள் பெயர் மூன்றாக உடைந்து கிடந்தது. சேர்த்த பிறகு எண் 8 ஆகியிருக்கிறது. பெரியவர் கேட்ட கட்டத்தை அவள் காலியாகவே விட்டிருந்தாள். ஒரு ரகத்தின் வெளியீட்டில் பெயர் நாலாவதாக இருந்ததால் எழுதக் கூச்சமாம். "நாலாவதாக இருந்தாலும் அந்தப் பூவைக் கத்தரித்தது யார்?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை. ராத்திரி உட்கார்ந்து படிவத்தைத் திரும்ப எழுதியிருக்கிறாள். பூப்பு தொடங்கிவிட்டதாம், விடியற்காலை பஸ்ஸுக்கே கிளம்பிவிட்டாள்.