ஆட்குறைப்பில் யாரை நிறுத்துவது: எந்த அறத்தை வைத்து?

கேள்வி:
60 பேர் வேலை செய்யும் பம்ப் உதிரிபாகத் தொழிற்சாலை. ஆர்டர் குறைந்ததால் மெஷின் ஷாப்பின் 18 பேரில் 4 பேரை நிறுத்தச் சொல்கிறது நிர்வாகம். "உற்பத்தி குறைவானவர்களிடம் ராஜினாமா எழுதி வாங்கிவிடுங்கள்" என்கிறார்கள். மீதிப் பேர் பிழைப்பார்கள் என்பதால் பயன்வாதப்படி (அதிகம் பேருக்கு அதிக நன்மை தருவதே சரி என்ற கொள்கை) சரி என்று வாதம். எங்கே இடிக்கிறது?

பதில் 1:
கணக்கைப் பாதியில் நிறுத்திவிட்டார்கள் சார். தத்துவவாதி பெந்தாமின் பயன்வாதம் பாதிக்கப்படும் எல்லாரையும் எண்ணச் சொல்கிறது. அந்த 4 குடும்பமும் அதில் சேர்த்தி. ஓவர்டைமை நிறுத்தினால் மிச்சம் எவ்வளவு, ஆர்டர் திரும்பும்போது புது ஆளைப் பழக்கச் செலவு எவ்வளவு, இரண்டையும் போட்ட பிறகு 4 என்ற எண்ணுக்கு வாருங்கள்.

பதில் 2:
பெரிய தவறு அந்த ராஜினாமாதான். மனிதரை வெறும் கருவியாக நடத்தாதே என்றார் தத்துவவாதி கான்ட். நிர்வாகம் நிறுத்துகிறது, காகிதமோ அவரே விலகியதாகச் சொல்கிறது. அந்தப் பொய்க்கு விலையும் உண்டு. மாதம் 26,000 ரூபாய் (அடிப்படையும் பஞ்சப்படியும் மட்டும்), 8 வருட சர்வீஸ் என்று வையுங்கள். வருடத்துக்கு 15 நாள் சராசரி ஊதியம் வீதம் 1,04,000 ரூபாய் ஆட்குறைப்பு இழப்பீடு, ஒரு மாத நோட்டீஸ் அல்லது அதற்கான சம்பளம், திரும்ப ஆள் எடுக்கும்போது முன்னுரிமை, மூன்றும் போய்விடும். கிராஜுவிட்டி (பணிக்கொடை) தனி. இழப்பீட்டுக்கு மாதச் சம்பளத்தை 30 நாளால் வகுக்கிறோம், கிராஜுவிட்டிக்கு 26-ஆல் வகுப்பதால் 1,20,000 வரும், இரண்டையும் குழப்பாதீர்கள்.

பதில் 3:
யாரை நிறுத்துவது என்ற தேர்வு முறைக்குத் தத்துவவாதி ரால்ஸ் உதவுவார். தான் யாராக இருப்போம் என்று தெரியாமல் விதியை எழுத வேண்டும் என்பது அவர் சொன்ன அறியாமைத் திரை. அளவுகோலை எழுதிக் கையெழுத்திட்ட பிறகே பெயர்களைச் சேருங்கள். சூப்பர்வைசரின் 'உற்பத்தி' பத்தியை அப்படியே நம்ப வேண்டாம். பழைய லேத்தில் நிற்பவருக்கு ரிஜெக்‌ஷன் கூடத்தான் செய்யும். குறை ஆளிடம் இல்லை, மெஷினின் சுழலும் தண்டு (ஸ்பிண்டில்) ஆடுவதில் இருக்கிறது. வருகைக் கணக்கில் மகப்பேறு விடுப்பையும் இஎஸ்ஐ மருத்துவ விடுப்பையும் வராத நாளாக எண்ணாதீர்கள். தொழிலாளர் பிரிவில் சட்டத்தின் பொது விதி, கடைசியாகச் சேர்ந்தவர் முதலில். பிரிவுவாரி சீனியாரிட்டி பட்டியலை 7 நாள் முன்பே நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள்.

கேள்வி கேட்டவர்:
கடைசியாகச் சேர்ந்தவர்தான் எங்களுடைய ஒரே சிஎன்சி செட்டர் (கம்ப்யூட்டரில் இயங்கும் மெஷினை வேலைக்குத் தயார் செய்பவர்). அவரையா அனுப்புவது?

பதில் 3:
வேண்டியதில்லை. காரணத்தைப் பதிவு செய்தால் வரிசையை மீறலாம். "திறமையானவர்" என்று மட்டும் எழுதினால் நிற்காது. எந்த மெஷின், வேறு யாருக்கு செட்டிங் தெரியாது, பழக்க எத்தனை வாரம் என்று எழுதுங்கள். அவருக்குப் பதிலாகப் பெயர் வரும் அடுத்தவரிடம் அந்தக் காகிதத்தைக் காட்டி விளக்கிவிட்டு நோட்டீஸ் கொடுங்கள்.