ஆஸ்பத்திரியோட பிரச்சினை வந்து உக்காந்து பேசினவங்க அனுபவத்தைச் சொல்லுங்க

அம்பை மருமகள்:
எங்க மாமாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன், பாளையங்கோட்டையில ஒரு தனியார் ஆஸ்பத்திரி. பென்சிலின் சேராதுன்னு அட்மிஷன் போடும்போதே அத்தை சொல்லிட்டாவ. வார்டு மாத்துனப்ப அது கேஸ் ஷீட்டுல ஏறலை. ராத்திரி ஊசி போட்ட கொஞ்ச நேரத்துல உடம்பெல்லாம் தடிச்சு, மூச்சு இழுத்து, ஐசியூ. பிழைச்சது ஆண்டவன் புண்ணியம். ஆனா அதுக்கப்புறம் ஒருத்தர்கூட எங்க முகத்தைப் பாத்துப் பேசலை. எதைக் கேட்டாலும் "டாக்டர் வருவாரு, இருங்க".

ஊர்ல ஒரு வேன் ஆளு கிளம்பிட்டாவ, நாலு கண்ணாடியை நொறுக்கினாத்தான் வழிக்கு வருவானுவன்னு. கொழுந்தனார்தான் மறிச்சாரு. 2008-ல வந்த தமிழ்நாட்டுச் சட்டப்படி ஆஸ்பத்திரியில அடிதடி பண்ணினா 10 வருஷம் வரை உள்ள போகணும். அவரு முதல்ல கேஸ் ஷீட் நகலுக்கு எழுதிக் கொடுத்தாரு. கேட்ட 72 மணி நேரத்துக்குள்ள தரணும்னு மருத்துவ கவுன்சில் விதி இருக்கு, கேக்கத் தயங்காதீங்க.

ரெண்டு பக்கத்துக்கும் தெரிஞ்ச ஒரு ரிட்டயர்டு நர்சிங் சூப்பிரண்டு அம்மா நடுவுல வந்தாவ. எங்ககிட்டத் தனியா, ஆஸ்பத்திரிக்காரங்ககிட்டத் தனியா முழுசையும் கேட்டாவ. பிறகுதான் ஒரே மேசையில உக்கார வச்சாவ. அத்தை மஞ்சப்பையில இருந்து பழைய மருந்துச் சீட்டை எடுத்து டாக்டர் முன்னால விரிச்சாவ. பென்சிலின் கூடாதுன்னு சிவப்பு மையில அடிக்கோடு போட்டிருக்கு. வாசிச்சுட்டு, "எங்க தப்புதாம்மா"ன்னாரு. ஊசி போட்ட பொண்ணு, அந்த ராத்திரி ரெண்டு வார்டுக்கும் தான் ஒருத்திதான்னு சொல்லவும் மேனேஜர் வாயடைச்சுப் போயிட்டாரு. எனக்கு அதுதான் பெருசாப் பட்டுச்சு. கேஸுன்னு போயிருந்தா பழி அந்தப் பொண்ணு தலையில விடிஞ்சிருக்கும், ராத்திரிக்கு ஆள் போடாத சங்கதி வெளிய வந்தே இருக்காது. ஐசியூ பில் தள்ளுபடி ஆச்சு, எழுத்துல மன்னிப்பு தந்தாவ. இப்ப அலர்ஜி உள்ளவுகளுக்குக் கையில சிவப்புப் பட்டை கட்டுதாவ, ராத்திரிக்கு இன்னொரு நர்ஸும் உண்டு.

நாங்குநேரிக்காரன்:
அக்கா, உங்களுக்கு வாய்ச்சது எங்களுக்கு வாய்க்கலை. "பேசித் தீப்போம்"னு கூப்பிட்டுக் கவரை நீட்டி, இனிமே எங்கயும் புகார் கொடுக்க மாட்டோம்னு கையெழுத்துக் கேட்டானுவ. என்ன நடந்துச்சுன்னு ஒரு வார்த்தை இல்லை. எழுந்து வந்துட்டோம். இப்ப நுகர்வோர் ஆணையத்துல இருக்கு. 2019 நுகர்வோர் சட்டத்துல, ரெண்டு தரப்பும் சம்மதிச்சா அங்கேயே சமரசத்துக்கு அனுப்பலாம். பேச்சுவார்த்தைன்னு இழுத்தடிச்சு, ஆணையத்துல புகார் கொடுக்க உள்ள 2 வருஷக் கெடுவைத் தாண்ட விட்டுறாதீங்க மக்கா.

பாளை செவிலியர்:
நியூசிலாந்துல ஆபரேஷன்ல வைக்கிற மெஷ் வலையால பாதிக்கப்பட்டவங்களை 2019-ல சுகாதார அமைச்சகமே இப்படி உக்கார வச்சுக் கேட்டுச்சு, 600 பேருக்கு மேல சொன்னாங்க. அங்க 1974-ல இருந்தே, தப்பு யார் மேலன்னு நிரூபிக்காம இழப்பீடு வாங்க வழி உண்டு. இங்க "தப்புதான்"னு சொன்னா அதுவே சாட்சியாயிரும்னு எங்களை வாயைப் பொத்தச் சொல்லுவாங்க. அதனால உக்காரும் முன்னாலயே, அங்க பேசுறதைக் கோர்ட்டுக்குக் கொண்டுபோகக் கூடாதுன்னு ரெண்டு பேரும் எழுதிக்கிடணும். நடுவுல இருக்கவங்க ஆஸ்பத்திரிச் சம்பளம் வாங்குறவங்களா இருக்கவே கூடாது.

நாங்குநேரி தம்பி, நகல் வாங்கும்போது மருந்துச் சார்ட்டும் நர்ஸ் குறிப்பும் சேர்ந்து வந்துச்சா? டிஸ்சார்ஜ் சம்மரியை மட்டும் கொடுத்திருந்தா மறுபடி எழுதிக் கேளுங்க.