இலக்கிய மீளாய்வு இயலை எந்த வடிவில் எழுதுவது? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். பெரியம்மைத் தடுப்பின் வரலாறு குறித்து முனைவர் பட்ட ஆய்வு செய்கிறேன். மருத்துவத்தில் ஒருவர், வரலாற்றில் ஒருவர் என இரண்டு நெறியாளர்கள். முன்னாய்வுகளைத் தொகுக்கும் இயல்தான் இடிக்கிறது.

மருத்துவ நெறியாளர் பிரிஸ்மா 2020 (PRISMA, முறையான மீளாய்வுகளில் எதையெல்லாம் தெரிவிக்க வேண்டும் என்று சொல்லும் வழிகாட்டி) பட்டியலின் 27 அம்சங்களையும் கேட்கிறார்: எந்தத் தரவுத்தளம், என்ன சொல் போட்டுத் தேடினேன், எத்தனை கட்டுரைகளை ஏன் கழித்தேன் என்று காட்டும் ஓட்டப்படம். வரலாற்று நெறியாளரோ அந்தப் படத்தின் மேல் கோடு போட்டு, "யார் யாரோடு வாதாடுகிறார்? உங்கள் நிலைப்பாடு எங்கே?" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். எனக்கும் அதுவே சரியென்று படுகிறது. ஆனால் தேடிய விதத்தைச் சொல்லாமல் விடவும் மனம் வரவில்லை.

தேடல் முறையைப் பின்னிணைப்பில் வைத்து, இயலை வாதங்களின் போக்கில் எழுதினால் தேர்வாளர்கள் ஏற்பார்களா? இரு துறை கலந்து எழுதியவர்கள் உங்கள் உட்தலைப்புகளை மட்டும் பகிர்ந்தாலும் பெரிய உதவி.