பதினோரு பக்கத்தோடு நின்ற நோட்டு

டிசம்பர் 20, இரவு

அக்கா: ஜனவரியில் ஆசையாக வாங்கின படநோட்டை இன்றைக்கு எடுத்துப் பார்த்தேன். மொத்தம் பதினோரு பக்கம். அதிலும் நாலு பக்கம் பேனா எழுதுகிறதா என்று கிறுக்கினது. வருடம் முடிய இன்னும் பதினோரு நாள் இருக்கிறது, என்ன வரைவது என்றே தோன்றவில்லை. யாராவது ஏதாவது சொல்லுங்களேன்.

மாமா: (பலமுறை பகிரப்பட்டது) படைப்பாற்றலைத் தூண்டும் 101 வழிகள்!! படித்துப் பயன்பெறுங்கள் 🙏🙏

அக்கா: மாமா, இதைப் போன வருடமும் நீங்கள்தான் அனுப்பினீர்கள்.

மாமா: போன வருடமும் நீ படிக்கவில்லை, அதனால்தான் மறுபடியும்.

சித்தி: எனக்கும் இதே கதைதான்டி. போனைத் திறந்தால் ஆயிரம் பேர் வரைந்தது, பின்னினது, தைத்தது என்று வந்துகொண்டே இருக்கிறது. எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும்போது நாமே உட்கார்ந்து செய்து முடித்த மாதிரி ஒரு அலுப்பு வந்துவிடுகிறது, அப்புறம் எங்கே ஊசியை எடுப்பது.

அத்தை: ஒரு மெழுகுவத்தி இருந்தால் ஏற்றி வை. அதையே பார்.

அக்கா: தியானமா அத்தை?

அத்தை: தியானம் இல்லை, வேதியியல். முப்பது வருடம் பாடம் நடத்தினவள் சொல்கிறேன். மைக்கேல் ஃபாரடே என்ற விஞ்ஞானி இதே மாதிரி ஒரு வருடக் கடைசியில் சின்னப் பிள்ளைகளைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒரே ஒரு மெழுகுவத்தியைப் பற்றி ஆறு உரை ஆற்றினார். 1848இல் ஒருமுறை, 1860இல் மறுபடியும். ஆறு உரைக்கு அதில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்காதே. திரியை ஒட்டி ஒரு இருட்டுப் பகுதி இருக்கும், அங்கே இருப்பது இன்னும் எரியாத மெழுகு ஆவி. ஒரு கண்ணாடிக் குழாயை அதில் நீட்டி அந்த ஆவியை வெளியே கொண்டுவந்து குழாயின் மறுமுனையில் கொளுத்திக் காட்டினார். சுடரின் மஞ்சள் நிறம் வேறு ஒன்றும் இல்லை, பழுக்கக் காய்ந்த கரித்துகள்தான். உனக்கு வேண்டியது இதுதான்: பலமான வெளிச்சத்தில் சுடரின் நிழல் சுவரில் விழும் இல்லையா, அதில் எந்த இடம் ரொம்பக் கறுப்பு தெரியுமா? சுடர் எங்கே ரொம்பப் பிரகாசமோ அந்த இடம்.

அக்கா: அய்யோ. சுடருக்கு நிழல் விழும் என்றே நான் யோசித்ததில்லை.

அத்தை: கரித்துகள் வெளிச்சத்தை மறைக்கிறது, அவ்வளவுதான்.

மாமா: இப்போது நானும் ஒன்று சொல்கிறேன், பகிர்ந்தது இல்லை, சொந்தமாக டைப் அடிக்கிறேன்.

அத்தை: அதிசயம்தான்.

மாமா: 1995 டிசம்பர் 18 முதல் 28 வரை ஹபிள் தொலைநோக்கியை ஒன்றுமே இல்லாத மாதிரி தெரிந்த ஒரு பொட்டு வானத்தை நோக்கித் திருப்பி வைத்துவிட்டார்கள். பொட்டு என்றால் நூறு மீட்டர் தள்ளி வைத்த டென்னிஸ் பந்து அளவு. சும்மா ஒரு வெற்றிடத்துக்குப் போய் இவ்வளவு நேரமா, வீண் என்று சொன்னவர்களும் இருந்தார்கள். பத்து நாள், 342 படம். எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தால் ஏறத்தாழ 3,000 அண்டங்கள், அதாவது கேலக்ஸிகள்.

நான்: மாமா, இதையே முதலில் அனுப்பியிருக்கலாமே!

சித்தி: சரி, அப்படியானால் நானும் ஒரு இடத்தைப் பிடித்துக்கொள்கிறேன். மத்தியானம் ஜன்னல் கம்பியின் நிழல் எங்கள் வீட்டுத் தரையில் விழுகிறது, தினமும் அதே நேரத்துக்குச் சாக்பீஸால் கோடு போடப்போகிறேன். தைப்பதற்கு ஒரு டிசைன் கிடைத்தாலும் கிடைக்கும், கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை.

அத்தை: முதல் நாலைந்து நாள் கோடு நகரவே நகராது, பயப்படாதே. பூமத்திய ரேகைக்கு வடக்கே இருப்பவர்களுக்கு மத்தியான நிழல் வருடத்திலேயே நீளமாக இருப்பது 21, 22 தேதிகளில்தான். சூரியன் தெற்குக் கோடிக்குப் போய்த் திரும்புகிற நேரம், அதனால் நின்ற மாதிரி இருக்கும்.

தம்பி: இங்கே பூமத்திய ரேகைக்குத் தெற்கே எங்களுக்கு நடுக்கோடை, எல்லாம் நேர்மாறு 😄 அக்கா, நீ ராத்திரி கிழக்கே பார். மூன்று நட்சத்திரம் ஒரே வரிசையில் இருக்கும், அதுதான் ஓரியன் என்கிற வேட்டைக்கார நட்சத்திரக் கூட்டத்தின் இடுப்பு. ஒரு பக்கம் சிவப்பாகத் திருவாதிரை, எதிர்ப்பக்கம் நீலவெள்ளையில் ரைஜல். உன்னிடம் கலர் பென்சில் இருக்கிறது இல்லையா?

அக்கா: இருக்கிறது. சிவப்பைத்தான் நாங்கள் வெப்ப நிறம் என்போம்.

தம்பி: வானத்தில் அதுவும் மாறித்தான். சிவப்பு நட்சத்திரம் சூடு குறைந்தது, நீலம்தான் கொதிக்கிறது.

அக்கா: ம்ம். இது பிடித்திருக்கிறது.

நான்: ஒரு அட்டையில் தபால்தலை அளவுக்கு ஓட்டை வெட்டிக்கொள் அக்கா. அதன் வழியே தெரிவதை மட்டும் வரை. முழு வானத்தையும் வரையப் போனால் மறுபடியும் பேனா சோதனையில்தான் முடியும்.

அக்கா: நக்கலா? சரி, வெட்டுகிறேன்.

தாத்தா: 🎤 குரல் செய்தி (4:37)

சித்தி: அப்பா, காலையில் கேட்கிறேன்.

டிசம்பர் 24, இரவு

அக்கா: 📷 புகைப்படம்
பன்னிரண்டாம் பக்கம். ஓட்டைக்குள் எட்டிப் பார்த்து நாலு ராத்திரி வரைந்தேன். பதின்மூன்றாவது பக்கத்தில் சுடர், அது இன்னும் சரியாக வரவில்லை, காட்டமாட்டேன்.

மாமா: அருமை அருமை 👏👏

சித்தி: அந்த நீலத்தை எப்படியடி கொண்டுவந்தாய்?

அத்தை: சுடரையும் அனுப்பு, நான் மதிப்பெண் போடமாட்டேன்.

தம்பி: அக்கா, படத்தைத் தலைகீழாக அனுப்பியிருக்கிறாய். எங்கள் வானத்தில் ரைஜல்தான் மேலே இருக்கும்.

அக்கா: போனைத் திருப்பிப் பிடிடா.