ஆல்கஹால் கீறியதா, துணி கீறியதா?

மைக்ரான் மணி:
நேற்று இங்கே ஒருவர் தன் கருப்பு செடானின் கதையை எழுதியிருந்தார். பட்டறையில் ஒரே அச்சில் சுற்றும் ரோட்டரி மெஷினால் பாலிஷ் போட்டு எடுத்துவந்தபோது பானெட்டில் முகம் பார்த்துத் தலை சீவலாம் போல் இருந்ததாம். மறுநாள் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளித்துத் துடைத்திருக்கிறார். வெயிலில் பார்த்தால் சிலந்தி வலை போல் மெல்லிய கீறல்கள். அதற்குப் பட்டறை அண்ணாச்சி எழுதிய தீர்ப்பு: "பாலிஷில் குறையில்லை. ஆல்கஹால் போட்டுத் துடைத்ததில் கீறியிருக்கிறது." பதினான்கு பேர் அதற்கு விருப்பக்குறி வேறு இட்டிருக்கிறார்கள். அதனால்தான் இந்தத் தனி இழை.

ஆல்கஹால் ஒரு திரவம். அதற்கு நகம் கிடையாது. பாலிஷ் போடத் தேய்க்கும் காம்பவுண்டில் எண்ணெய் இருக்கிறது, சிலவற்றில் பள்ளத்தை அடைக்கும் நிரப்பியும் இருக்கிறது. அது கீறலுக்குள் உட்கார்ந்திருக்கும்வரை வண்டி பளபளக்கும். ஆல்கஹால் அதைக் கழுவிவிட்டது, அடியில் கிடந்தது வெளியே வந்தது. முகத்தில் அப்பிய பவுடரைத் துடைத்தவன்தான் பருவுக்கும் பொறுப்பா?

பட்டறை அண்ணாச்சி:
மணி தம்பிக்கு எனக்காகத் தனி இழை தொடங்கும் அளவுக்கு நேரம் இருக்கிறது. மகிழ்ச்சி. மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நான் எழுதியதை மறுபடியும் படிக்கவும். "துடைத்ததில்" என்று எழுதியிருக்கிறேன். துடைத்ததில்!

மே மாத வெயிலில் காய்ந்த பானெட்டில் ஆல்கஹால் தெளித்தால், கை பாதி தூரம் போவதற்குள் அது ஆவியாகிவிடும். மீதிப் பாதியில் உலர்ந்த துணி, நிறத்துக்கு மேலிருக்கும் நிறமற்ற பூச்சான கிளியர் கோட்டை உலர்ந்த நிலையில் உரசிக்கொண்டு போகிறது. கருப்பு வண்டி வேறு. துணி நடந்த தடம் அத்தனையும் தெரியும். திரவத்துக்கு நகம் இல்லை தம்பி, துணிக்கு இருக்கிறது. 1993இல் பாலிஷர் பிடித்த கை இது. டூகோ பெயின்ட் அடித்த அம்பாசடரை மினுக்கிய காலத்தில் நிரப்பி என்ற சொல்லை யாரும் கேள்விப்பட்டதில்லை. துணியை எப்படிப் பிடிக்கவேண்டும் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

மைக்ரான் மணி:
அம்பாசடர் உற்பத்தி 2014இலேயே நின்றுவிட்டது, அண்ணாச்சி. அந்த டூகோவில் கிளியர் கோட்டே கிடையாது, நிறம்தான் மேற்பரப்பு. தேய்த்தால் மெஷினில் மாட்டிய பேடில் வண்டியின் நிறம் ஒட்டிக்கொண்டு வரும். இன்றைய வண்டியில் தகட்டுக்கு மேல் இருக்கும் மொத்தப் பூச்சே பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் கிளியர் கோட் 40, 50 இருந்தால் அதிகம். ஒரு ஜெராக்ஸ் தாளின் பருமனில் பாதி. அதன்மேல் கடுமையாகத் தேய்க்கும் உல்லன் பேட் ஓட்டிவிட்டு, மென்மையான ஃபோம் பேடால் முடிக்காமல் வண்டியைக் கொடுத்திருக்கிறார்கள். டியூப்லைட் வெளிச்சத்தில் எந்தக் கருப்பு வண்டியும் அழகிதான். துணி கீறவில்லை. கீறல் ஏற்கெனவே இருந்தது.

கோவை ஆர்பிட்டல்:
இருவரும் கீறல் கீறல் என்கிறீர்கள், எதை என்றுதான் சொல்லவில்லை. ரோட்டரி விட்டுப்போகும் ஹோலோகிராம் மெஷின் போன வழியில் பட்டையாக இருக்கும், நாம் நகர்ந்தால் அதுவும் நகர்வதுபோல் தெரியும். வண்டி கழுவிக் கழுவி விழுந்த மெல்லிய கீறல்கள் விளக்கைச் சுற்றி வட்டமாகத் தெரியும். துடைத்த துணியின் தடம் கை போன வாக்கில் நேர்கோடாக இருக்கும். வண்டிக்காரர் நிழலில் நிறுத்தி, செல்பேசி விளக்கை அடித்துப் பார்த்து, எந்த வடிவம் என்று சொல்லட்டும். ஹோலோகிராம் என்றால் மென்மையான ஃபோம் பேட், நுண் பாலிஷ், சுற்றிக்கொண்டே அதிரும் ஆர்பிட்டல் மெஷின் போதும். முதலில் ஓரடிச் சதுரத்தில் மட்டும் போட்டுப் பார்க்கவேண்டும்.

பட்டறை அண்ணாச்சி:
ஆர்பிட்டல் தம்பியும் வந்துவிட்டார். இனி அந்த நடுங்கும் மெஷினின் புகழ்பாடல்தான். கொஞ்சம் அழுத்தினால் பேட் சுற்றுவதை நிறுத்திவிட்டு நின்ற இடத்திலேயே குலுங்கிக்கொண்டிருக்கும். சுற்றுகிறதா இல்லையா என்று தெரிந்துகொள்ளப் பேடின் பின்தட்டில் மார்க்கர் பேனாவால் கோடு போட்டு வைத்துக்கொள்கிறார்கள். கோடு போட்டுக் கண்காணிக்க வேண்டியதை நான் மெஷின் என்று சொல்வதில்லை.

பட்டறை என்றாலே இளக்காரம். ஓரங்களுக்கு டேப் ஒட்டி, நிமிடத்துக்கு 1,200 சுற்றுக்கு மேல் போகாமல், பேடைத் தட்டையாக வைத்து, காம்பவுண்ட் காய்ந்து தூசியாகப் பறப்பதற்குள் பகுதி பகுதியாக முடிக்கிறவனும் பட்டறைக்காரன்தான். காணொளி பார்த்து மெஷின் வாங்கியவர்களுக்கு எங்கே தெரியப்போகிறது? விஷயத்துக்கு வருகிறேன்: துணிதான்.

கோவை ஆர்பிட்டல்:
அழுத்தினால் நிற்பதுதான் ஐயா அதன் பாதுகாப்பு. உங்கள் ரோட்டரி நிற்காது, விளிம்பில் அடிப்பூச்சான பிரைமர் வெளுத்துத் தெரியும்வரை சுற்றும். டேப் ஒட்டுகிறீர்களே, எதற்காக? சென்ற ஆண்டு ஹெட்லைட் இழையில் "பாலிஷ் மட்டும் போதும், மஞ்சள் திரும்பாது" என்று சத்தியம் செய்தவர் யார் என்பதும் நினைவிருக்கிறது. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு வேண்டும் என்று நான் சொன்னபோதும் இதே காணொளிக் கிண்டல்தான்.

பட்டறை அண்ணாச்சி:
ஹெட்லைட்டைப் பற்றி இங்கே யாரும் பேசவில்லை. அந்த ஹெட்லைட் மஞ்சளானதற்குக் காரணம் வேறு, அதை அங்கேயே எழுதிவிட்டேன். இங்கே கேள்வி துணி. வண்டிக்காரர் எந்தத் துணியால் துடைத்தார்? இதை ஒருவர் கூடக் கேட்கவில்லை. கிலோ கணக்கில் வாங்கும் திருப்பூர் பனியன் கழிவாக இருக்கும். அதில் தையல் இருக்கும், நைலான் நூல் இருக்கும். அந்தத் துணியால் கருப்பு வண்டியைத் துடைப்பதும் தேங்காய் நாரால் துடைப்பதும் ஒன்று.

நூல்காரன் திருப்பூர்:
இத்தனை நேரம் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். பனியன் கழிவு என்றால் என்ன என்று தெரிந்துகொண்டு எழுதுங்கள், அண்ணாச்சி. அது கிரீஸ் துடைக்க விற்பது. கார் பெயின்டில் போடச்சொல்லி எங்கள் ஊரில் யாரும் சொல்லவில்லை. உங்களைப் போன்றவர்களின் பட்டறைகளில்தான் அது எல்லாவற்றுக்கும் பயன்படுகிறது. திருப்பூர் என்ற பெயரை எடுத்துவிட்டு எழுதவும்.

கருப்பு செடான்:
ஐயா, நான்தான் அந்த வண்டிக்காரன். எல்லோருக்கும் வணக்கம். துணி நல்ல மைக்ரோஃபைபர்தான், ஓரத்தில் மட்டும் தையல் இருக்கிறது. செல்பேசி விளக்கில் பார்த்தேன். பானெட்டின் நடுவில் கை போன வாக்கில் நேர்கோடுகள் தெரிகின்றன. வலது ஓரத்தில் பட்டை பட்டையாக இருக்கிறது, நான் நகர்ந்தால் அதுவும் நகர்கிறது.

இன்னொன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். நான் தெளித்தது தனியாக வாங்கிய ஆல்கஹால் அல்ல. 2020இல் கொரோனாவுக்காக வாங்கி மீந்துபோன சானிடைசர். புட்டியில் ஐசோபுரொப்பைல் என்று போட்டிருந்ததால் இரண்டும் ஒன்று என்று நினைத்துவிட்டேன்.

கோவை ஆர்பிட்டல்:
சானிடைசரா! உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட கலவையில் 75 சதவீத ஐசோபுரொப்பைலோடு 1.45 சதவீதம் கிளிசரால் சேர்ப்பார்கள், கை வறண்டுபோகாமல் இருக்க. உங்கள் புட்டியும் அந்த வகை என்றால், ஆல்கஹால் பறந்துவிடும், கிளிசரால் பானெட்டிலேயே தங்கிவிடும். நீங்கள் பார்க்கும் நேர்கோடுகள் கீறலா, துணி இழுத்துவிட்ட படிவா என்பதே இன்னும் தெரியாது. முதலில் ஷாம்பு போட்டுக் கழுவி, ஈரத்தை ஒற்றி எடுத்துவிட்டுப் பாருங்கள். அதுவரை இருவரும் கொஞ்சம் பொறுங்கள்.

மைக்ரான் மணி:
பொறுக்க என்ன இருக்கிறது? வலது ஓரத்தில் பட்டை பட்டையாக, நகர்ந்தால் நகர்கிறது. ரோட்டரியின் கையெழுத்து அது. சானிடைசரோ சாராயமோ, மறைந்திருந்ததைக் காட்டிவிட்டது. நான் முதல் பதிவில் சொன்னது இதைத்தான்.

பட்டறை அண்ணாச்சி:
நடுவில் என்ன இருக்கிறது என்பதை மணி தம்பி வசதியாகத் தாண்டிப் போய்விட்டார். நேர்கோடு. கை போன வாக்கில் நேர்கோடு. வாழ்நாளில் எந்த ரோட்டரியும் நேர்கோடு போட்டதில்லை. நானும் முதல் பதிவில் சொன்னது இதைத்தான். துணியை எட்டாக மடிக்கவேண்டும். ஒரு மடிப்பில் ஒரு முறைதான். தையல் உள்ளே போகவேண்டும். பானெட் புறங்கைக்குக் குளிர்ச்சியாக இருக்கவேண்டும். இவற்றில் ஒன்றையாவது செய்தாரா?

மைக்ரான் மணி:
நேர்கோட்டை நான் மறுக்கவில்லை, அது காரணம் அல்ல என்கிறேன். சோதனை எளிது. இடது கதவில் இன்னும் எதுவும் தெளிக்கவில்லை அல்லவா? கண்ணாடி போல் இருக்கிறது அல்லவா? அதில் ஆல்கஹாலைத் தண்ணீரில் கலந்து, நிழலில், நிறையத் தெளித்துத் துடைக்கட்டும். பட்டைகள் தெரிந்தால் அண்ணாச்சி ஏற்றுக்கொள்வாரா?

கருப்பு செடான்:
இடது கதவை ஒருமுறை ஷாம்பு போட்டுக் கழுவினேன். பட்டை இருக்கிறது போலவும் இருக்கிறது, இல்லாதது போலவும் இருக்கிறது. இப்போது துடைக்கலாமா, வேண்டாமா?

மைக்ரான் மணி:
தாராளமாகத் துடையுங்கள்.

நூல்காரன் திருப்பூர்:
"திருப்பூர்" இன்னும் அந்தப் பதிவில் அப்படியே இருக்கிறது.

பட்டறை அண்ணாச்சி:
துடையுங்கள் என்று சொல்கிறவர், எந்தத் துணியால் என்பதையும் சொல்லிவிட்டுப் போகட்டும்.