தொங்கவிட்ட படிகம் ராத்திரியோட காணோம், அவசரம்!

மழைத்துளி: திங்கட்கிழமை பொண்ணுக்குப் பள்ளியில அறிவியல் கண்காட்சி. பெரிய படிகம் வளர்க்கறதுக்காகக் கரைசல்ல நூல்ல கட்டித் தொங்கவிட்ட விதைப் படிகம் (அது மேலதான் பெருசா வளரணும், குட்டிப் படிகம்) காலைல இல்ல, வெறும் முடிச்சுதான் தொங்குது. அவ ஒரே அழுகை. என்ன செய்யறது?

கடலோரம்: எதோட படிகம்? படிகாரமா, துத்தமா, கல்கண்டா? எவ்வளவு தண்ணிக்கு எவ்வளவு போட்டீங்க?

கிணத்தடி: தண்ணிதான் காரணம். போர் தண்ணின்னா சரிவராது. பேட்டரிக்கு ஊத்துற தண்ணி வாங்குங்க.

பழைய வாத்தியார்: பத்தாம் வகுப்புக் கரைசல் பாடம் இது. தெவிட்டிய கரைசல்னா, அதுக்கு மேல கரைய இடமில்லாத கரைசல். அதைப் படிச்சுட்டு வந்து கேட்டிருக்கலாம்.

மழைத்துளி: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்), உரக்கடையில வாங்கினது. 200 மில்லி சுடுதண்ணில 50 கிராம். நல்ல கருநீலமா இருந்துச்சு, தெவிட்டிடுச்சுன்னு நினைச்சேன்.

நீலக்கல்: கட்டினது நூலா, இரும்புக் கம்பியா? இரும்புன்னா அது மேல செம்பு படியும். அதுலதான் படிகம் உருகியிருக்கும்.

பழைய வாத்தியார்: உருகறது வேற, கரையறது வேற. தண்ணிக்குள்ள நடந்தது கரைதல்.

நீலக்கல்: வீட்ல சர்க்கரை உருகிடுச்சுன்னுதான் சொல்றோம். விஷயம் புரிஞ்சா போதாதா?

பழைய வாத்தியார்: குழந்தை கண்காட்சில அப்படிச் சொன்னா மார்க் போயிடும்.

ஆய்வக அக்கா: நூல்னு முதல் பதிவுலயே இருக்கு. மழைத்துளி, நிறத்தை நம்பாதீங்க. 20 டிகிரியில 100 கிராம் தண்ணில ஏறக்குறைய 32 கிராம் துத்தம் கரையும். உங்க 200க்கு 64, நம்ம ஊர்ச் சூட்டுக்கு இன்னும் கூட. நீங்க போட்டது 50தான். தண்ணில இன்னும் இடம் இருந்துச்சு, விதையும் கரைஞ்சுபோச்சு.

அதையே சூடாக்கி இன்னொரு 40 கிராம் கரைங்க. ராத்திரி முழுக்க ஆறட்டும். அடியில குட்டிப் படிகம் விழுந்தா தெவிட்டிடுச்சுன்னு அர்த்தம். தெளிவை மட்டும் வேற கண்ணாடி பாட்டிலுக்கு மாத்துங்க. விழுந்ததுல முனை உடையாத ஒண்ணை எடுத்து நூல்ல கட்டுங்க. சூடு துளிகூட இருக்கக் கூடாது. துத்தம் விஷம், சமையல் பாத்திரம் வேண்டாம், பொண்ணு கையுறை போடட்டும்.

கடலோரம்: சாப்பாட்டு உப்புலயும் இப்படிச் செய்யலாமா?

ஆய்வக அக்கா: ஆறவெச்சா பெருசா விழாது. 20 டிகிரியில 36 கிராம் கரையும், கொதிக்கும்போதே 39தான். தண்ணி வத்தணும். உப்பளத்துல வெயிலுக்குக் காத்திருக்கறது அதுக்குத்தான்.

நீலக்கல்: அப்போ எல்லாமே சூட்டுல கூடுதலாத்தான் கரையுமா?

ஆய்வக அக்கா: இல்ல. சுண்ணாம்பு சூட்டுல குறைவாத்தான் கரையும்.

மழைத்துளி: அடியில நிறைய விழுந்திருக்கு. சாய்சதுரமா ஒண்ணு எடுத்துக் கட்டியாச்சு. காலைல பார்த்தேன், கரையல. நன்றிக்கா.